எரிந்து அணையும் விளக்கு



மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கும் காரின் பிரேக் அமைப்புக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். சென்ற ஆண்டு வரை நமக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. மீட்டர் போர்டில் எரிந்த ஒரு சிறிய மஞ்சள் விளக்குதான் அந்தத் தொடர்பை உண்டாக்கியது. அந்த விளக்கின் முன் நாம் நடந்துகொண்ட விதத்தில் பெருமைப்பட ஏதுமில்லை. ஆயினும், நம்மைப் போலவே பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறோம்.

உம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் காயல்பட்டினத்து உறவினர் வீடுகளுக்குக் குடும்பத்தோடு போய்வரவும் மேலப்பாளையத்தில் ஒரு பழைய காரை வாங்கி வைத்திருந்தோம். ரமலான் முடிந்து ஷவ்வால் பிறந்த வாரத்தில் ஒரு நாள் மீட்டர் போர்டில் 'ஏபிஎஸ்' என்ற எழுத்துகளைத் தாங்கிய மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தி, மறுபடி எடுத்தோம். விளக்கு அணையவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்த்தோம். வழக்கம் போல் பிடித்தது. 'பிரேக் பிடிக்கிறதே, பிறகென்ன' என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அல்லாஹ் பாதுகாப்பான் என்றும் சொல்லிக்கொண்டோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதீயிலிருந்து எத்தனையோ மாணவர்களுக்கு நாம் விளக்கியிருக்கிறோம். நம் ஒட்டகம் அவிழ்ந்து கிடந்தது மட்டும் நம் கண்ணுக்குப் படவில்லை. ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்படியே ஓடின.

ஐப்பசி மழையில் ஒரு நாள் உம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் சென்றுகொண்டிருந்தோம். செய்துங்கநல்லூரைத் தாண்டியிருப்போம். தலையில் கோணிப்பையைப் போர்த்திய முதியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையின் குறுக்கே வந்தார். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தோம். சக்கரங்கள் அப்படியே நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. ஈரத் தார்ச்சாலையில் அது வழுக்கிக்கொண்டே சென்றது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. அந்தப் பெரியவரை நோக்கி நேராகவே போயிற்று. அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு முழ இடைவெளி இருக்கும்போது நின்றது. அவர் திரும்பி நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நடந்து போய்விட்டார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. பின்னிருக்கையிலிருந்து உம்மா மட்டும் கேட்டார்கள்: "ஏன் வாப்பா, திருப்பினியே, வண்டி ஏன் திரும்பல?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் ஏபிஎஸ் என்பது என்னவென்று அறிந்தோம். உருளும் சக்கரத்தால்தான் திசை மாற முடியும். பூட்டிக்கொண்டு வழுக்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி போன போக்கில்தான் போகும். சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதே இந்த அமைப்பின் வேலை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சி வேகத்தைக் கவனிக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. நான்கும் அனுப்பும் செய்தி ஒரு சிறிய மின்னணுப் பெட்டியை வந்தடைகிறது. பிரேக் பிடிக்கும்போது ஏதேனும் ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென வேகம் குறைந்து பூட்டிக்கொள்ளப் போகிறது என்று அப்பெட்டி கண்டால், அந்தச் சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வுகள் மூலம் தளர்த்தும். சக்கரம் உருளத் தொடங்கியதும் மீண்டும் அழுத்தும். இது ஒரு நொடிக்குள் பல முறை நிகழும். நாம் பெடலை எவ்வளவு பலமாக மிதித்தாலும் ஸ்டியரிங் நம் கைக்குக் கட்டுப்பட்டிருப்பது இதனால்தான். 1978இல் பாஷ் நிறுவனம் உருவாக்கி மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதலில் வந்த மின்னணு அமைப்பின் வழிவந்தவைதான் இன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சிறிய கார்களிலும் இருக்கின்றன.

தனக்குள் ஒரு பழுதைக் கண்டால் இந்த அமைப்பு மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டுத் தானே ஒதுங்கிக்கொள்கிறது. சாதாரண பிரேக் அப்படியே வேலை செய்யும். அதனால்தான் ஆறு மாதங்கள் நமக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. தேவைப்பட்ட அந்த ஒரு கணத்தில்தான் அது இல்லாதது தெரிந்தது. மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரேக் விசையைப் பகிரும் வேலையும் பல கார்களில் இதே பெட்டியிடம்தான் இருக்கிறது. அதுவும் நின்றுவிட்டால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக்கூடும். பிரேக் ஆயில் குறைந்திருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். எப்படியாயினும் அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

சகோதரர்களே, இவ்வளவும் அறிந்த பிறகு நாம் என்ன செய்தோம் தெரியுமா? காரை விற்றுவிட முடிவெடுத்தோம். புதிய ஏபிஎஸ் யூனிட்டின் விலையைக் கேட்டபோது அது நம் மூன்று மாத ஊதியத்துக்கு மேல் இருந்தது. அச்சமும் செலவும் சேர்ந்து, இந்தக் காரே வேண்டாம் என்ற எண்ணத்தைத் தந்தன. விற்பனைக்கு ஏற்பாடு செய்ய வந்த புரோக்கர் விளக்கைப் பார்த்தார். "இதற்குப் போய் விலையைக் குறைப்பார்களா ஹஜ்ரத்? மீட்டர் போர்டைக் கழற்றி இந்த விளக்கை மட்டும் எரியாமல் செய்துவிடலாம். அரைமணி நேர வேலை" என்றார். நாம் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றோம். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் மதரஸாவில் நடந்துகொண்டிருந்த பாடம் கிதாபுல் புயூஃ, அதாவது வணிகச் சட்டங்கள். விற்கும் பொருளில் உள்ள குறையை மறைப்பது பற்றிய பகுதிக்கு வந்திருந்தோம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியைச் சொன்னோம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியதையும், மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்கப்பட்டதையும், ஏமாற்றுபவருக்கு அங்கே விடுக்கப்பட்ட கடும் எச்சரிக்கையையும் முஸ்லிம் நூலிலிருந்து விளக்கினோம். அப்போது பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத், வாங்குகிறவர் கேட்கவே இல்லை என்றால்? அப்போதும் நாமாகச் சொல்ல வேண்டுமா?"

சொல்ல வேண்டும் என்றோம். குறை தெரிந்தவர் விற்பவர்தான். வாங்குபவருக்குத் தெரியாததால்தான் அவர் கேட்கவில்லை. எனவே சொல்லும் கடமை தெரிந்தவருடையது என்று விளக்கினோம். மாணவன் தலையசைத்து அமர்ந்தான். நம்மால் அடுத்த வரிக்குச் செல்ல முடியவில்லை. அங்கும் மழைதான் தானியத்தை நனைத்தது. இங்கும் மழைதான் நம் குறையைக் காட்டிக்கொடுத்தது. நனைந்த தானியத்தை உண்டவர் உயிர் பிழைக்கலாம். இந்தக் காரை வாங்குபவரும் தம் உம்மாவையும் பிள்ளைகளையும்தானே பின்னிருக்கையில் அமர்த்துவார்?

மறுநாள் பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். "பாய், விளக்கு எரிகிறது என்பதற்காக உடனே பெட்டியைக் கழற்றக் கூடாது. முதலில் யார் மேல் தப்பு என்று பார்க்கணும்" என்றார். பேட்டரியின் மின்னழுத்தம், ஏபிஎஸ்ஸுக்கான ஃபியூஸ்கள், காரின் உடலோடு இணையும் எர்த் ஒயர், நான்கு சக்கர சென்சார்கள், அவற்றின் ஒயர்கள் என ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெரும்பாலும் சென்சாரோ ஒயரோதான் கெட்டிருக்கும் என்றும், அதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றிப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு என்றும் சொன்னார். நம் காரில் அவை யாவும் நலமாக இருந்தன. ஸ்கேனரை இணைத்தால், மற்ற பெட்டிகள் எல்லாம் பதில் சொல்ல, ஏபிஎஸ் பெட்டி மட்டும் பதில் சொல்லவில்லை. மின்சாரம் அதன் வாசல் வரை வருகிறது; உள்ளே உயிர் இல்லை.

பழைய இரும்புக் கடையில் வேறொரு காரின் பெட்டியை வாங்கிப் பொருத்தலாமா என்று கேட்டோம். வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் எண் மாறினால் பொருந்தாது என்றார். பல கார்களில் அந்த வண்டிக்கென்று பதிவு செய்தால்தான் வேலை செய்யும். நம் பெட்டியையே கழற்றிப் பழுதுபார்த்து மீண்டும் மாட்டுவதுதான் சிக்கனம். கோயம்புத்தூரில் அதைச் செய்பவர் இருக்கிறார் என்றார். கழற்றும்போது நாமும் அருகில் இருக்க விரும்பினோம். டார்ச் லைட்டை நம் கையில் கொடுத்தார்.

அந்த வேலையில் அவர் காட்டிய பொறுமை நமக்கு ஒரு பாடமாக இருந்தது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். பிறகு சற்று நேரம் காத்திருந்தார். ஏபிஎஸ் யூனிட் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பிரேக் குழாய்கள் வந்து சேரும் அலுமினியக் கட்டி ஒன்று. வால்வுகள் அதற்குள் இருக்கின்றன. அதன் ஒரு பக்கம் பம்ப் மோட்டார். மறுபக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான் மூளை. மூளையை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தால் குழாய்களைத் தொடவே வேண்டியதில்லை. பிரேக் ஆயில் ஒரு துளியும் சிந்தாது. நம் காரில் அதற்கு இடம் இருந்தது. இடம் இல்லாத கார்களில் குழாய்களைக் கழற்றி யூனிட்டை முழுதாக எடுக்க வேண்டும். அப்போது எந்தக் குழாய் எங்கே என்று குறித்துவைத்து, திறந்த வாய்களை உடனே அடைத்துவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். சிந்தினால் பெயின்ட்டையும் அரித்துவிடும். மாட்டிய பிறகு அமைப்பிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். சில கார்களில் யூனிட்டுக்குள் தங்கிய காற்றை எடுக்க ஸ்கேனரின் துணையும் வேண்டும்.

அண்ணாச்சி பிரஷ்ஷாலும் காற்றாலும் அந்த இடத்தின் புழுதியை நீக்கினார். ஒரு மணல் துகள்கூட உள்ளே போகக் கூடாது என்றார். பெரிய கப்ளரின் பூட்டை நெம்பி விடுவித்து, ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரையே பிடித்துக் கழற்றினார். அதன் ஊசிகளை விரலால் தொட வேண்டாம் என்று நம்மை எச்சரித்தார். பிறகு ஸ்டார் பிட் கொண்டு பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒரு திருகு இறுகியிருந்தது. பலம் கொடுக்கவில்லை, பிட்டை நன்றாக உட்காரவைத்து மெல்ல அசைத்து விடுவித்தார். "திருகின் தலை தேய்ந்துவிட்டால் அரைமணி நேர வேலை அரைநாள் ஆகிவிடும் பாய்" என்றார். இறுதியில் ஸ்க்ரூ டிரைவரை இடையில் கொடுத்து நெம்பாமல், பெட்டியை இரு கைகளாலும் பிடித்து நேராக இழுத்தார். அது விலகியதும் அலுமினியக் கட்டியில் சிறு கோபுரங்களைப் போல் வால்வுகளின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றைச் சூழ்ந்து உட்காரும் காந்தச் சுருள்கள் பெட்டியின் பக்கம் இருந்தன. வால்வுகளின் மேல் சுத்தமான பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக் கட்டினார். தொங்கிய கப்ளருக்கும் ஓர் உறை. "பெட்டி திரும்பி வரும்வரை வண்டி இங்கேயே நிற்கட்டும். ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள்" என்று சிரித்தார்.

பத்து நாட்கள் மதரஸாவுக்கு நடந்தே சென்றோம். கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. எஞ்சின் வெப்பத்திலும் அதிர்விலும் பல ஆண்டுகள் விரிந்து சுருங்கி, உள்ளே ஒரு ஈயப் பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்ததாம். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிந்ததாம். மழைச்சாலையில் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாயிருந்தது அந்த மயிரிழை.

பெட்டி வந்ததும் அண்ணாச்சி விளிம்பின் ரப்பர் சீலைத் துடைத்துச் சரிபார்த்தார். நேராக உட்காரவைத்து, திருகுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்கினார். கப்ளரைப் பூட்டி, பேட்டரியை இணைத்தார். வண்டியின் கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்பியிருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். மஞ்சள் விளக்கு எரிந்தது. நமக்கு நெஞ்சு பதைத்தது. "பொறுங்கள்" என்றார். சில நொடிகளில் அது தானே அணைந்தது.

அப்போது அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு எழுதினோம். "சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரியணும் பாய். எரிந்தால் விளக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அணைந்தால் அமைப்பு நலம் என்று அர்த்தம். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் யாரோ வாயைக் கட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படணும். பழைய வண்டி வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன்."

புரோக்கர் செய்ய நினைத்தது அந்த வாயைக் கட்டும் வேலைதான். குறையைச் சொல்லும் நாவை அறுத்துவிட்டால் குறை இல்லாததுபோல் தோன்றும்.

பட்டறைக்குப் பின்னால் சரளை மண் கொட்டிய வெற்றிடத்தில் மெதுவான வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தச் சொன்னார். காலடியில் பெடல் படபடவென்று துடித்தது. எங்கோ கரகரவென்று சத்தம் கேட்டது. பயந்து காலை எடுத்துவிட்டோம். "எடுக்கக் கூடாது. அது வேலை செய்கிற சத்தம். மிதித்த காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்" என்றார். மறுபடி செய்தோம். வண்டி திரும்பியது. உம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. சரளையில் இந்த அமைப்பு நிற்கும் தூரத்தைச் சற்றுக் கூட்டவும் செய்யும். ஆகவே ஏபிஎஸ் இருக்கிறது என்ற துணிவில் வேகத்தைக் கூட்டக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

சில வாரங்களுக்குப் பின் காரை விற்றோம். மகளின் கல்லூரிக் கட்டணம் நெருங்கியிருந்தது. வாங்க வந்தவர் தூத்துக்குடியில் பணிபுரியும் இளைஞர். விளக்கு சரியாக எரிந்து அணைந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. நாமாகவே பழுதைச் சொன்னோம். ஆறு மாதங்கள் பழுதோடு ஓட்டியதையும் சொன்னோம். பட்டறை ரசீதையும் பழுதுபார்த்த ரசீதையும் கொடுத்தோம். அவர் யோசித்துவிட்டு, பேசிய விலையிலிருந்து எட்டாயிரம் ரூபாயைக் குறைத்துக் கேட்டார். பழுதுபார்த்த செலவோடு இதுவுமா என்று மனம் கணக்குப் போடத்தான் செய்தது. கொடுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னதற்காக யாரோ கூடுதல் விலை தந்தார்கள் என்று முடிக்க நம்மிடம் கதை இல்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபிமொழியில் படித்திருக்கிறோம். அந்த இரவு நாம் நிம்மதியாக உறங்கினோம். நம் அறிவுக்கு எட்டிய பரக்கத் அது.

அடுத்த பாடத்தில் அந்த மாணவனை எழுப்பி, அவன் கேள்வியைக் கேட்ட நாளில் அவனுடைய ஹஜ்ரத் எந்த நிலையில் இருந்தார் என்பதை வகுப்பின் முன் சொன்னோம். அவன் நீண்ட நேரம் நம்மையே பார்த்தான். பிறகு, "எங்கள் வாப்பாவின் ஆட்டோவிலும் ஒரு விளக்கு எரிகிறது ஹஜ்ரத், இன்று போய்ச் சொல்கிறேன்" என்றான்.

சகோதர சகோதரிகளே, இன்று உங்கள் வண்டியில் ஏறியதும் சாவியைத் திருப்பிவிட்டுச் சில நொடிகள் மீட்டர் போர்டைப் பாருங்கள். எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். அணையாமல் இருந்தால் நம்மைப் போல் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டாம். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக! நம் குறைகளை நமக்குக் காட்டித் திருத்திக்கொள்ளும் வாய்ப்பைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.